நான் கேட்டது ஒரு பச்சைக் கிளை

என் கணவரை மண்ணில் வைத்ததை நான் பதினொரு வினாடி பார்த்தேன். அதுவும் கைப்பேசியில்.

கொரோனாவின் இரண்டாம் அலை வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்த மே மாதம் அது. மருத்துவமனையில் ஏழு நாள் இருந்தார். எட்டாம் நாள், வியாழக்கிழமை, மாலை அஸர் தொழுகைக்குச் சற்று முன்னால் போய்விட்டார். எனக்கும் தொற்று இருந்தது. குமணன்சாவடியில் எங்கள் வீட்டு மாடி அறையில் தனியாக இருந்தேன். மகள் நஸ்ரின் வானகரத்தில், புகுந்த வீட்டில், ஏழு மாதக் கர்ப்பிணி. வரக்கூடாது என்று நானே தடுத்தேன். கணவருடைய தம்பி இஸ்மாயிலும் காய்ச்சலில் படுத்திருந்தார். எங்கள் குடும்பத்திலிருந்து ஒருவர்கூட பூந்தமல்லி கபரஸ்தானுக்குப் போகவில்லை.

நான்கு தன்னார்வலர்கள் அடக்கம் செய்தார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவருக்கு என் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். ஒரு காணொளி எடுத்து இஸ்மாயிலுக்கு அனுப்பினார். இஸ்மாயில் எனக்கு அனுப்பினார்.

நான் ஒரு தமிழ் நாளிதழில் இருபத்திரண்டு வருடம் மெய்ப்புத் திருத்தியவள். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து, பிழையைச் சுழித்து, வேண்டாததை அடித்து நீக்குவது என் வேலை. அந்தக் காணொளியையும் அப்படித்தான் படித்தேன். முதல் இரண்டு வினாடி சுவர், பூசாத செங்கல். பிறகு ஈரமண் குவியல். இரண்டு பேர் குனிந்து மண்ணைச் சரிக்கிறார்கள். எட்டாவது வினாடியில் ஒருவர் சுவரில் சாய்த்திருந்த ஒரு கொம்பை எடுக்கிறார். தலைமாட்டில் ஊன்றுகிறார். காலால் மண்ணை மிதித்து இறுக்குகிறார். முடிந்தது.

கொம்பு மணிக்கட்டுப் பருமன். நேரானது. ஊன்றியவரின் மார்பு உயரம். மேல்பக்கம் கறுப்பாக ஏதோ பட்டை சுற்றியிருந்தது. ஓர் இலைகூட இல்லை.

அந்த இலைதான் எனக்கு வேண்டியிருந்தது.

மண் மூடியதும் தலைமாட்டில் ஒரு பச்சைக் கிளை நடுவது நம் வழக்கம். பச்சை இருக்கும்வரை அது அல்லாஹ்வைத் துதிக்கும், அந்தத் துதியால் உள்ளே இருப்பவருக்கு இலேசாகும் என்பது நம் நம்பிக்கை. என்னைப் பெற்ற அத்தாவுக்கு வேப்பங்கிளை வைத்தார்கள். மாமியாருக்கு மருதாணி. இரண்டும் ஒரு வாரத்தில் காய்ந்தன. ஒரு வாரமாவது துதித்தன அல்லவா.

வியாழக்கிழமை அந்தத் தொலைபேசி வந்ததும் நான் தரையில் நெற்றியை வைத்து ஒன்றே ஒன்று கேட்டேன். "ரப்பே, முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. குளிப்பாட்டிக் கஃபன் துணி போர்த்தியதையும் பார்க்கவில்லை. போகட்டும். அவர் தலைமாட்டில் யாராவது ஒரு பச்சைக் கிளையை வைக்கட்டும்." உயிரைக் கேட்கும் நேரம் கடந்துவிட்டது. இது சின்ன விஷயம். தெருவில் போகிற யாரும் ஒடித்து வைக்கக்கூடியது. அதுவும் மறுக்கப்பட்டது என்று நினைத்தேன். காய்ந்த கொம்பு.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பெயர் ஹபீப். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். தண்ணீர் மோட்டார், மாவரைக்கும் மோட்டார், எது எரிந்தாலும் உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை அவிழ்த்துப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பார். சட்டையில் எப்போதும் வார்னிஷ் வாடை. கல்யாணமான புதிதில் முதன்முதலாகக் கடைக்குப் போனேன். பெயர்ப் பலகையில் 'வைன்டிங்' என்று இருந்தது. மூன்று சுழி ண் வர வேண்டும், மாற்றிவிடுங்கள் என்றேன்.

"மாத்திட்டா அப்புறம் நீ எதுக்குக் கடைப்பக்கம் வரப்போற?" என்றார்.

இருபத்தாறு வருடம் மாற்றவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். கரையோரம் ஒரு பூவரச மரம். ஓர் இலையைப் பறித்துச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி, உதட்டில் வைத்து ஊதினார். எருமை கத்துகிற மாதிரி இருக்கிறது என்றேன். கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று உண்மையிலேயே தலையைத் தூக்கிப் பார்த்தது.

"பாத்தியா, அதுக்குப் புரியுது. உனக்குத்தான் புரியல" என்றார்.

இவரைத்தான் காய்ந்த கொம்போடு விட்டுவிட்டார்கள் என்று நினைத்து நினைத்து உருகினேன்.

நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தேன். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் அந்தக் காலத்தில் வேறு வேலை இல்லை. காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பேத்தி ஆயிஷா பிறந்தாள். தூக்கிக் கொஞ்சினேன். கை கொஞ்சியது, மனம் அந்தச் சுவரோரம் நின்றது.

இத்தா முடிந்த பிறகு இஸ்மாயிலைக் கபரஸ்தானுக்கு அனுப்பினேன். அது மழைக்காலம். "இலையில்லாத கொம்பு, மேலே கறுப்புப் பட்டை. அதுதான் அடையாளம்" என்று சொல்லி அனுப்பினேன். முழங்கால் வரை சேறோடு திரும்பி வந்தார்.

"அந்த மாசம் வந்தவங்க எல்லாரும் ஒரே வரிசை அண்ணி. மழையில மண்ணு எல்லாம் சமமாயிடுச்சு. இடுப்பளவு புல்லு. செடி கொடிதான் இருக்கு, காஞ்ச கொம்பு ஒண்ணும் காணோம்."

"குழி வெட்டுறவரைக் கேட்டீங்களா?"

"அவரும் நோவுல விழுந்து வீட்டுக்குப் போயிட்டாராம். எப்ப வருவாருன்னு யாருக்கும் தெரியல."

ஆக, கிளையும் இல்லை, இடமும் இல்லை.

அன்றிலிருந்து நான் ஒரு காரியம் செய்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, வெட்கத்தோடு சொல்கிறேன். ஐந்து வேளையும் தொழுதேன். தொழுது முடித்து இரண்டு பக்கமும் சலாம் கொடுத்தவுடன் முசல்லா விரிப்பை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். துஆவுக்குக் கையேந்தவில்லை. கடமையைச் செய்கிறேன், எதுவும் கேட்கமாட்டேன் என்று அல்லாஹ்விடம் ஒரு கோபம். நஸ்ரின் ஒருநாள் கவனித்துவிட்டாள்.

"அம்மா, துஆ செய்யலையா?"

"முட்டி வலிக்குது."

"துஆ கையாலதானம்மா கேக்குறது?"

அடுப்படிக்குப் போய்விட்டேன். இப்படியே வருடங்கள் ஓடின.

நாளிதழ் வேலையை விட்டுவிட்டேன். பூந்தமல்லியில் ஓர் அச்சகத்தில் பகல் நேரம் மட்டும் மெய்ப்புப் பார்க்கப் போனேன். போக வர ஷேர் ஆட்டோ. மெட்ரோ ரயில் வேலைக்காகப் பெரிய சாலையில் பள்ளம் தோண்டியதும் ஆட்டோக்கள் உள்தெருக்களில் புகுந்து போக ஆரம்பித்தன. நான் ஏறும் ஆட்டோவின் ஓட்டுநர் சேகர் கண்டுபிடித்த குறுக்கு வழி, கபரஸ்தானின் பின்சுவரை ஒட்டிய தெரு. பூசாத செங்கல் சுவர். காணொளியின் முதல் இரண்டு வினாடி அது. வேறு ஆட்டோவில் போகலாமா என்றுகூட யோசித்தேன். போகவில்லை.

அந்தத் தெருவில் தினமும் நெரிசல். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆட்டோ அந்தச் சுவரோரமே நிற்கும். பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் சுவரைப் பார்த்தேன். சுவருக்கு மேலே சில இலைகள் எட்டிப் பார்த்தன. இதய வடிவ இலை. பூவரசு.

அடுத்தடுத்த மாதங்களில் அது வளர்ந்ததை நான் நாள்தோறும் பார்த்தேன். முதலில் சுவருக்கு மேல் ஒரு சாண். பிறகு ஒரு முழம். ஒரு மழைக்குப் பிறகு சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் கிளை நீட்டியது. பிறகு பூத்தது.

பூவரசம்பூவை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? நானும் அதுவரை பார்த்ததில்லை. காலை எட்டரைக்குப் போகும்போது எலுமிச்சை மஞ்சள். உள்ளே ஆழத்தில் மட்டும் ஒரு கருஞ்சிவப்புப் பொட்டு. மாலை ஐந்தரைக்குத் திரும்பும்போது அதே பூ, அதே காம்பு, செம்பு நிறம். அவர் கடையில் சுற்றாக வைத்திருக்கும் புதுக் கம்பியின் நிறம். மறுநாள் காலை அது ஊதா கலந்த சிவப்பாகச் சுருங்கித் தொங்கும். பக்கத்தில் புது மஞ்சள் விரிந்திருக்கும். அன்றோ மறுநாளோ பழையது உதிரும்.

எங்கிருந்து அந்தச் சிவப்பு வருகிறது என்று ஒருநாள் யோசித்தேன். வெளியிலிருந்து பூசியதில்லை. காலையிலேயே உள்ளே பொட்டாக இருந்த சிவப்புதான் மாலையில் வெளியே வருகிறது என்று எனக்குத் தோன்றியது. தாவரவியல் எனக்குத் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன். மலரும்போதே அதன் மறைவும் அதற்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அது அசிங்கமாகவும் இல்லை. மஞ்சளுக்குக் குறைந்த அழகில்லை அந்தச் சிவப்பு. நான் மௌத்தை, சாவை, உடலைச் சுற்றும் நெகிழிப் பையாகவும் வெள்ளை உடுப்பாகவும் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். செத்துக் கிடக்கும் பூமிக்கு மழையை அனுப்பி உயிர் கொடுக்கிறேன் என்று குர்ஆனில் அவன் திரும்பத் திரும்பச் சொல்வதைச் சிறு வயதிலிருந்து ஓதியிருக்கிறேன். ஓதியதைக் கண்ணால் பார்த்தது அந்தச் சுவரோரம்தான்.

அது யாருடைய மரம் என்று எனக்குத் தெரியாது. யாரோ நட்டது, ஏதோ முளைத்தது. ஆறுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

சேகர் கண்ணாடியில் என்னைக் கவனித்திருக்கிறார்.

"இன்னாம்மா, டெய்லி அந்த செவுத்தையே பாத்துகினு வர்ற. அங்க இன்னா படமா ஓட்றாங்க?"

"பூவைப் பாக்குறேன்பா."

"சுடுகாட்டாண்ட பூ பாக்குற மொத ஆளு நீதாம்மா."

"சுடுகாடு இல்ல. கபரஸ்தான்."

"எதுவா இருந்தா இன்னா, கடைசி ஸ்டாப்பிங்கு ஒண்ணுதானே? அங்க மட்டும்தான் எறங்கறதுக்கு எவனும் முண்டியடிக்க மாட்டான்."

ஆட்டோவில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

இந்த வருடம் ரமலான் பெருநாள் முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆட்டோ அந்தத் தெருவில் திரும்பியதும் பார்த்தேன். சுவரில் ஏணி சாய்த்திருந்தது. கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் ஏணியில் ஏறி நின்றார். கையில் ரம்பம். கீழே இன்னொருவர் கயிறு பிடித்திருந்தார்.

"சேகர், நிறுத்துப்பா."

"இங்கயா? ஸ்டாப்பிங் இல்லியேம்மா."

"நிறுத்து."

பின்னாலிருந்த பெண் ஆபீசுக்கு நேரமாகிறது என்றாள். நான் இறங்கிவிட்டேன். இறங்கிய பிறகுதான், எந்த உரிமையில் இறங்கினேன் என்று தோன்றியது. மரம் என்னுடையதல்ல. இருந்தாலும் கேட்டேன்.

"ஏம்பா வெட்டுறீங்க?"

"கெளை போயி கரண்டு ஒயர்ல இடிக்குதும்மா" என்றார் ஏணியில் இருந்தவர். "செவுரு வேற விரிசல் வுட்டுகீது. அடியோட போட்ர சொல்லிக்கீறாங்க."

"யாரு சொன்னாங்க?"

அவர் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "பாய், இந்தம்மா கேக்குது பாரு."

சுவருக்கு மேல் ஒரு தொப்பி தெரிந்தது. பிறகு நரைத்த தாடி. உள்ளே ஏதோ கல்லின் மேல் ஏறி நின்றிருக்கிறார். அவர்தான் மைதீன் பாய். கபரஸ்தானில் குழி வெட்டுகிறவர். நான் சலாம் சொன்னேன். பதில் சொன்னார்.

"ஜமாத்துல சொன்னதும்மா. எனக்கே மனசு வரல. இன்னா பண்றது, என் கொம்பாச்சே அது."

"உங்க கொம்பா? நீங்க நட்டதா?"

"நான் எங்கம்மா நட்டேன்? அது மம்பட்டிக்குப் புடி போடறதுக்கு வெட்டி வச்சது. இந்தா, இந்த செவுத்துல சாச்சி வச்சிருந்தேன். கொரோனாவுல எனக்கு ஜுரம் வந்து வேப்பம்பட்டுல ஊட்ல கெடந்தேன். அந்த டைம்ல டிரஸ் மாட்டிகினு அடக்கம் பண்ண வந்தாங்க பாரு, அவுங்க எங்க ஊரோ என்னவோ. கபருக்கு நடத்தான் கொம்பு வச்சிருக்காங்கன்னு நெனச்சி எடுத்து ஊனிட்டாங்க. பொங்கல் கழிச்சி வந்து பாக்கறேன், என் மம்பட்டிப் புடி எல வுட்டுகினு நிக்குது." அவர் சிரித்தார். "எவன்டா எடுத்தான்னு ரெண்டு நாளு திட்டினேன். அல்லா மன்னிக்கணும்."

எட்டாவது வினாடியில் பார்த்த கொம்பு இதுதான் என்று மனம் சொன்னது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. ஒரு தகவல் உண்மையா என்று பார்க்காமல் எழுதக்கூடாது.

"பாய், அந்தக் கொம்புல ஏதாவது சுத்தி வச்சிருந்தீங்களா?"

"ஆமா. சைக்கிள் டியூப்பு. புடிக்கிற எடத்துல வழுக்கக் கூடாதுல்ல? அளவு பாத்து சுத்தி வச்சேன்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கு எப்டிம்மா தெரியும்?"

"இப்ப இருக்கா?"

தொப்பி கீழே மறைந்தது. புல்லை விலக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் மட்டும் வந்தது. "மரம் முழுங்கிகிச்சும்மா. ஒரு ஓரம் மட்டும் நாக்கு மாதிரி நீட்டிகினு கீது. கறுப்பா."

"அந்தச் சமயத்துல எத்தனை கொம்பு காணாமப் போச்சு?"

"ஒண்ணுதான். ஒண்ணுதானே வெட்டி வச்சிருந்தேன்."

கைப்பேசியைத் திறந்தேன். நான்கு வருடமாக அந்தக் காணொளியை யாருக்கும் காட்டியதில்லை. ஏணியில் இருந்தவர் குனிந்து வாங்கிச் சுவருக்கு மேலாக நீட்டினார். மைதீன் பாய் ஒருமுறை பார்த்தார். இன்னொருமுறை. மூன்றாவது முறை அந்த எட்டாவது வினாடியில் அவர் உதடு அசைவதைப் பார்த்தேன்.

"இது என் செவுரு" என்றார். "இது என் கொம்பு. யாரும்மா இது?"

"எங்க வீட்டுக்காரர்."

அவர் கைப்பேசியைத் திருப்பி நீட்டினார். ஏணியில் இருந்தவர் ரம்பத்தைக் கீழே இறக்கிவிட்டார். யாரும் சொல்லாமல் அவராகவே இறக்கினார்.

"ஒயர்ல படுற கெளைய மட்டும் எடுத்துர்றேன் பாய். மத்தத நீ பேசிக்கோ" என்றார்.

மைதீன் பாய் அங்கேயே நின்று ஜமாஅத் நிர்வாகியான முத்தவல்லிக்குத் தொலைபேசியில் பேசினார். கபர் மேல் பச்சையாக இருப்பதைப் பிடுங்கக்கூடாது என்று மைதீன் பாய்க்கு ஒரு பிடிவாதம் உண்டாம். பொங்கல் கழித்து வந்தபோது பிடுங்கப் போய், வேர் விட்டிருப்பது தெரிந்ததும் விட்டுவிட்டதும் அதனால்தானாம். அதையெல்லாம் முத்தவல்லியிடம் சொன்னார். முத்தவல்லியின் குரல் எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் "சரிங்க பாய், செவுத்த நானே கொத்தனார வச்சி பாத்துக்கறேன்" என்று இவர் சொன்னது மட்டும் கேட்டது. மரம் தப்பியது.

"உள்ள வந்து பாக்குறியாம்மா?" என்று கேட்டார்.

எங்கள் ஜமாஅத்தில் பெண்கள் உள்ளே போகும் வழக்கம் இல்லை. போகலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் பேச இங்கே வரவில்லை. அன்று எனக்குப் போக வேண்டும் என்று தோன்றவில்லை. என் கணவர்தான் சுவரைத் தாண்டி வெளியே வந்து, நெரிசலில் ஆட்டோ நிற்கும் இடமாகப் பார்த்துக் கிளை நீட்டிக்கொண்டிருக்கிறாரே என்று மனது சொன்னது. அது மனதின் பேச்சு. மார்க்கம் தெரிந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

"வேண்டாம் பாய். எந்த இடம்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

"அப்ப மேல பாரு" என்றார்.

தொப்பி மறைந்தது. அந்தப் பக்கம் உள்ளங்கையால் மரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு தட்டுக்கும் சுவருக்கு மேலே இலைகள் அசைந்தன. மூன்றாவது தட்டில் ஒரு பூ உதிர்ந்து தெருப்பக்கம் விழுந்தது. முந்தின நாள் மலர்ந்த பூ. நன்றாகச் சிவந்திருந்தது.

"இங்கதாம்மா" என்றார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

நான் என் கணவருக்கு சலாம் சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் போன நான்கு வருடத்துக்குப் பிறகு, அவர் இருக்கும் திசை பார்த்துச் சொன்னேன்.

திரும்பினால் ஆட்டோ அங்கேயே நின்றிருந்தது. பின்னாலிருந்த பெண்ணும் ஆபீசைப் பற்றிப் பேசவில்லை. ஏறி உட்கார்ந்தேன். சேகர் வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ இன்னாத்த பாத்துகினு வர்றேன்னு இப்பதாம்மா புரிஞ்சிது" என்றார். அதன் பிறகு நெரிசல் இல்லாத நாளிலும் அந்த இடத்தில் வண்டி மெதுவாகும். நான் சொல்லவில்லை. அவராகச் செய்வது.

அன்று நண்பகல் லுஹர் தொழுகையை அச்சகத்தின் பின்னறையில் தொழுதேன். சலாம் கொடுத்ததும் கை தானாக மேலே வந்தது. கேட்க எதுவும் இல்லை. ஏந்தியபடியே வெகுநேரம் அழுதேன்.

நான் என்ன கேட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு வாரத்தில் காய்ந்துவிடக்கூடிய ஒரு கிளையைக் கேட்டேன். அந்த மே மாதம் அந்த வரிசையில் இலையோடு நட்ட கிளைகள் எல்லாம் எப்போதோ காய்ந்து மண்ணாகியிருக்கும். அவருக்கு இலையில்லாத ஒன்றை வைத்தார்கள். அது இன்றைக்கும் துதித்துக்கொண்டிருக்கிறது. அதை வைத்தவர்களுக்குத் தாங்கள் செய்தது தவறு என்று தெரியாது. தன் மண்வெட்டிக்கு ஒரு பிடி போனதென்று மைதீன் பாய் திட்டிக்கொண்டிருந்தார். நான் வீட்டில் கோபித்துக்கொண்டிருந்தேன். எங்கள் யாரையும் கேட்காமல் அது உள்ளே வேர் விட்டுக்கொண்டிருந்தது.

எழுத்தைப் பார்த்தே வாழ்ந்தவள் நான். மூலப் படியைப் பார்க்காமல் எதையும் அடிக்காதே என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். அந்தக் கொம்பை ஒரே பார்வையில் பிழை என்று அடித்துவிட்டேன். இஸ்மாயில் மழையில் போய்த் தேடியபோது அவர் கண்முன்னாலேயே அது துளிர்த்து நின்றிருக்கிறது. காய்ந்த கொம்பைத் தேடு என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். பாவம், அவர் காய்ந்த கொம்பைத் தேடினார்.

இப்போது என் நாட்கள் மாறியிருக்கின்றன. எங்கள் பகுதியில் யாராவது இத்தா இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். புத்தி சொல்வதில்லை. அவர்கள் பேசினால் கேட்பேன். பேசாவிட்டால் வெங்காயம் உரித்துக் கொடுப்பேன். யாராவது, "நான் கேட்டது எனக்குக் கிடைக்கவில்லை" என்று சொன்னால் மட்டும் கைப்பேசியைத் திறந்து பதினொரு வினாடி காட்டுவேன். பிறகு சேகர் ஆட்டோவிலிருந்து நான் எடுத்த மரத்தின் படத்தைக் காட்டுவேன்.

டிரங்க் ரோட்டுக் கடையை இப்போது இஸ்மாயில் நடத்துகிறார். பலகைக்குப் புது வண்ணம் அடித்தபோது எழுத்தைத் திருத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தக் கடைப்பக்கம் போக எனக்கு ஒரு காரணம் வேண்டும்.

சென்ற மாதம் நஸ்ரினும் ஆயிஷாவும் என்னோடு ஆட்டோவில் வந்தார்கள். சுவரோரம் இறங்கினோம். தெருவில் விழுந்திருந்த ஓர் இலையை எடுத்துத் துடைத்து, சுருட்டி, நுனியை நசுக்கி ஆயிஷாவிடம் கொடுத்தேன். கன்னம் உப்ப ஊதினாள். அதே எருமைச் சத்தம்.

"அத்தா வாசிச்ச மாதிரியே இருக்கு" என்றாள் நஸ்ரின். பிறகு என்னைப் பார்த்து, "என்னம்மா, மரத்துக்கு சலாம் சொல்றீங்களாம், ஆட்டோக்காரர் சொல்றார்" என்றாள்.

"மரத்துக்கு இல்லடி. மரத்தைக் கேட்டு எதுவும் வரலை. மரத்தைப் படைச்சவன்கிட்ட கேட்டேன். அவன் மரத்தைக் கொடுத்தான்."

மௌத் பற்றிய பயம் எனக்கு இப்போது இல்லை. காலையில் மஞ்சளைப் பார்க்கிறேன், மாலையில் சிவப்பைப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே கையிலிருந்து வருவது தெரிகிறது.

இதைப் படிக்கிற சகோதரிகளே, உங்கள் துஆவுக்குப் பதிலாக உங்கள் கண்ணுக்கு ஒரு வெறும் கொம்பு தெரிந்தால், என்னைப் போல ஏந்திய கையை மடக்கிவிடாதீர்கள். ஒரு மழை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் துஆவில் ஹபீபுக்கும் அந்த நான்கு வெள்ளை உடுப்புக்காரர்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள். அவன் நம் எல்லோர் மீதும் இரக்கம் காட்டுவானாக.

நஸ்ரினிடம் அன்றைக்கே சொல்லி வைத்துவிட்டேன். என் முறை வரும்போது தலைமாட்டில் எதை நட்டாலும் சரி. இலை இருக்கிறதா என்று பார்க்காதே.